பின்வேலியில் இருந்த இஹியா

சன்னிவேல்
நவம்பர் 9, 2024

அண்ணா,

போனில் பேசினால் நீ குரலை உயர்த்துவாய், நான் பாதியில் வைத்துவிடுவேன். நேற்று அதுதான் நடந்தது. இனிமேல் எழுதலாம். மெயிலில் கத்த முடியாது.

பக்கத்து வீட்டு வெர்னா எனக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார். கூட ஒரு வார்த்தை இல்லை. டெக்சாஸில், கேட்டி ஊரில் என் வீட்டுப் பின்வேலிக்கும் மழைநீர்க் கால்வாய்க்கும் நடுவில் இருந்த மூங்கில் புதர் தரையோடு அறுபட்டிருக்கிறது. முதலில் வேறு யார் வீடோ என்று நினைத்தேன். ஓரத்தில் மன்னியின் துளசித் தொட்டி தெரிந்தது.

எனக்கு இங்கே கலிபோர்னியாவுக்கு வேலை மாறியபோது வீட்டுச் சாவியை உன்னிடம் கொடுத்தேன். நியூ ஜெர்சி எடிசனில் பனி தள்ளி அலுத்துவிட்டது, ரிடையர் ஆன பிறகு டெக்சாஸ் வெயிலே போதும் என்றாய். நீயும் மன்னியும் அங்கே இருப்பது எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. வாடகை பற்றியோ, கார்ப்பெட் பற்றியோ நான் பேசவில்லை. ஒன்றே ஒன்றுதான் சொன்னேன்: அந்தப் புதர் நம்முடையது இல்லை, வெர்னா நட்டது, அவர் தேவைக்கு வந்து வெட்டிக்கொள்வார், நீ தொடாதே.

தொட்டாய். ஏன்?

ருக்மிணி


கேட்டி
நவம்பர் 11, 2024

அன்புள்ள ருக்கு,

நீ சௌக்கியமாக இருப்பதாக எடுத்துக்கொள்கிறேன். இவ்வளவு கோபப்படுவதற்கு உடம்பு நன்றாக இருந்தாக வேண்டும்.

கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். இங்கே குடியிருப்போர் சங்கத்தில், அதாவது எச்.ஓ.ஏ.வில், தோட்டக் கமிட்டிக்கு என்னைத் தலைவராகப் போட்டிருக்கிறார்கள் என்பது உனக்குத் தெரியும். அந்தக் கமிட்டியில் நம்மவர் நான் ஒருவன்தான். மூங்கில் வளர்க்கக் கூடாது என்பது சங்கத்தின் விதி. நான் எழுதியது இல்லை, வீடு கட்டிய காலத்திலிருந்தே இருக்கிறது. அடுத்த தெருவில் கேரி என்பவர் வீட்டு மூங்கில் வேர் விட்டு, பக்கத்து வீட்டு பேட்டியோ தளத்தைப் பிளந்துவிட்டது. அவருக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டியவன் நான். ஆகஸ்ட் கூட்டத்தில் அவர் எல்லோர் முன்னாலும், இங்கே என்னைக் கூப்பிடும் சுருக்கப் பெயரிலேயே, சொன்னார், "காஸ், உன் வீட்டுக்குப் பின்னாடியே ஒரு காடு இருக்கே?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இந்த நாட்டில் முப்பது வருஷமாக நான் ஒருவனுக்கும் அப்படிச் சிரிக்க இடம் கொடுத்ததில்லை. நம் வீட்டிலிருந்து ஆரம்பித்தால்தான் நாளைக்கு இன்னொருத்தரைக் கேட்க முடியும். அதனால் ஆரம்பித்தேன். கேரியும் மறுவாரமே தன்னுடையதை எடுத்துவிட்டார்.

வெர்னாவிடம் நான் மரியாதைக் குறைவாக நடக்கவில்லை. அறுக்க வந்த ஆட்களிடம் கழிகளை வீணாக்காமல் கட்டுக்கட்டாகக் கட்டச் சொல்லி, நானும் சாரதாவும் அவர் கராஜ் வாசலில் கொண்டுபோய் வைத்தோம். பார்த்தார். "தேங்க் யூ" என்றார். அவ்வளவுதான். ஒரு சண்டை இல்லை.

உன் மன்னி மட்டும் திரும்பி வரும் வழியில், "ஏன்னா, அந்த தேங்க் யூ எனக்கு நன்னாப் படலை" என்றாள். அவளுக்கு எல்லாவற்றிலும் ஏதாவது படும்.

கஸ்தூரிரங்கன்


சன்னிவேல்
நவம்பர் 12, 2024

அண்ணா,

அது என்ன செடி என்று நான் உனக்குச் சரியாகச் சொல்லவில்லை போலிருக்கிறது. இப்போது சொல்கிறேன்.

அதன் பெயர் ரிவர்கேன். இந்த மண்ணிலேயே பிறந்த மூங்கில். சீனாவிலிருந்து வந்து பேட்டியோவைப் பிளப்பது வேறு. வெர்னா செரோக்கி என்ற அமெரிக்கப் பூர்வகுடியைச் சேர்ந்தவர்; அவர்கள் மொழியில் இதற்கு இஹியா. வெர்னாவின் ஜனங்கள் இதில் பாய் பின்னினார்கள், கூடை பின்னினார்கள், வேட்டைக்கு அம்பு ஊதும் குழல் செய்தார்கள். முன்பு ஆற்றங்கரை முழுக்க மைல் கணக்கில் நின்றதாம். அதையெல்லாம் சோள வயலாகவும் மாட்டு மேய்ச்சலாகவும் ஆக்கிவிட்டார்கள். இன்று கூடை பின்னுகிறவர்கள் கழி தேடி அலைய வேண்டியிருக்கிறது.

வெர்னாவின் அப்பாவை, ஐம்பதுகளில் அரசாங்கத் திட்டம் ஒன்று ஓக்லஹோமாவிலிருந்து சான் ஹோசேவுக்குப் பஸ் ஏற்றி அனுப்பியது. பழம் டப்பாவில் அடைக்கிற தொழிற்சாலையில் வேலை. வீட்டில் பிள்ளைகளிடம் அவர் செரோக்கி பேசவில்லை. பள்ளியில் அடி வாங்கியவர், பிள்ளைகள் வாங்க வேண்டாம் என்று நினைத்திருக்கிறார். வெர்னா வேலைக்காக ஹூஸ்டன் வந்து, பைப்லைன் கம்பெனியில் சம்பளப் பிரிவில் இருந்து ரிடையர் ஆன பிறகுதான் சொந்த மொழியைப் படிக்க உட்கார்ந்தார். செரோக்கி தேசம் நடத்துகிற இலவச இணைய வகுப்பு. தனியாக உட்காரக் கூச்சம் என்று என்னையும் சேர்த்துக்கொண்டார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் என் டைனிங் டேபிளில் இரண்டு பேரும் உளறுவோம். "தமிழ் பேசற நாக்காச்சே, ஈசியா வரும்னு நெனச்சேன். நீ என்னைவிட மோசம்!" என்பார்.

எங்களுக்கு முதலில் நிலைத்தவை செடிகளின் பெயர்கள்தான். சோளம் செலு. பீன்ஸ் துயா. மூங்கில் இஹியா. அந்த மொழியில் ஒரு பொருளை இன்னொருவர் கையில் கொடுப்பதற்கே பல வினைகள் உண்டு. விறைப்பான நீண்ட கழியைக் கொடுத்தால் ஒன்று, அதையே கிழித்து வளைகிற பட்டையாக்கிக் கொடுத்தால் வேறொன்று. வெர்னா புதரிலிருந்து ஒரு கழியை வெட்டி வந்து, கிழித்து, என் கையில் மாற்றி மாற்றிக் கொடுத்துத்தான் நாங்கள் அதைக் கற்றோம். புத்தகத்தில் வரவே இல்லை.

அந்தக் கிழங்கு வேரை அவர் ஓக்லஹோமாவில் தன் சித்தியின் ஓடைக்கரையிலிருந்து கொண்டுவந்தார். சித்தி இறந்து, நிலம் விற்று, அங்கே இப்போது ஜல்லி கொட்டி வைத்திருக்கிறார்கள். அந்த வேர் மிஞ்சியிருந்த இடம் நம் வேலி ஓரத்துக் கால்வாய் ஈரம் ஒன்றுதான். கழி மூன்று வருஷமாவது முற்ற வேண்டும், இல்லாவிட்டால் கூடைக்கு ஆகாது. இந்தக் குளிர்காலம் முதல் முறையாக இரட்டைச் சுவர்க் கூடை பின்னப்போகிறார், உள்ளே ஒன்று வெளியே ஒன்று, முடிச்சு தெரியாமல். சாயத்துக்கு வால்நட் தோல் ஊறவைத்து கராஜே நாறுகிறது என்று எனக்கு எழுதியிருந்தார்.

இப்போது நான் கேட்க வந்தது. தீபாவளிக்கு மன்னி அனுப்பிய படத்தில், மத்தாப்புக்குப் பின்னால் அந்தப் புதர் தெரிகிறது. இலையெல்லாம் பழுப்பு. அது பனியிலேயே பச்சையாக நிற்கிற செடி. அறுப்பதற்கு முன்னால் அதன் மேல் ஏதாவது மருந்து அடித்தாயா?

வெர்னா கழியைப் பல்லால் கடித்துப் பிடித்துத்தான் பட்டை உரிப்பார். கூடை பின்னுகிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள். அந்தத் தீபாவளிப் படத்தை மறுபடி பார்த்த உடனே அவருக்குப் போன் செய்து, எனக்குத் தெரிகிற வரைக்கும் வாயில் வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

"என்ன அடிச்சாங்க?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன்.

"உங்க அண்ணாவுக்குத் தெரியுமா?"

தெரிந்திருக்கும் என்றேன்.

"அவருக்கு என் வீடும் தெரியும்" என்றார்.

ருக்மிணி


கேட்டி
நவம்பர் 14, 2024

அன்புள்ள ருக்கு,

உன் கடிதத்தைச் சாரதாவிடம் படித்துக் காட்டினேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

புல் வெட்ட வருகிறவர்கள் ஏதாவது தெளித்திருக்கலாம். அவர்கள் எல்லா இடத்திலும் தெளிக்கிறார்கள். கேட்டுப் பார்க்கிறேன். மூங்கிலை ஒரு மனுஷி பல்லால் கிழிப்பார் என்று உலகத்தில் யார் எதிர்பார்ப்பார்கள்?

கவுன்டி விவசாய அலுவலகத்துக்கு நானே போன் செய்து விசாரித்தேன். ரிவர்கேன் என்பது மூங்கில் வகைதான் என்று அங்கே போனில் பேசிய அம்மாள் உறுதியாகச் சொன்னார். ஆக, விதிப்படி நான் செய்தது சரி. "ஆனால்" என்று மேற்கொண்டு ஏதோ ஆரம்பித்தார். நான் நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

எனக்கு உன்மேல் ஒரு வருத்தம் உண்டு. கூடப்பிறந்தவனைவிடப் பக்கத்து வீட்டுக்காரர் பெரியவராகிவிட்டார். கூரையில் ஆலங்கட்டி விழுந்தபோது இன்ஷூரன்ஸ்காரனோடு மன்றாடியது யார்? அதற்கு ஒரு படம் அனுப்பி யாரும் கேட்கவில்லை.

பின்பக்கம் உட்காரவே முடியவில்லை. புதர் இருந்தவரை தெரியாமல் இருந்த கால்வாய், அதற்கப்பால் மற்றவர்கள் வீட்டு முதுகு, எல்லாம் நேராக முகத்தில் அடிக்கிறது. நாற்காலியைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். முன்பெல்லாம் வெர்னாவின் கராஜிலிருந்து கத்தியால் கழியைத் தட்டிப் பிளக்கும் சத்தம் வரும். இப்போது இல்லை. குப்பைத் தொட்டியை வெளியே வைக்கும்போது என்னைப் பார்த்து எப்போதும்போல் கையசைக்கிறார். திட்டினால்கூடத் தேவலை.

கஸ்தூரிரங்கன்


சன்னிவேல்
நவம்பர் 15, 2024

அண்ணா,

"ஏதாவது தெளித்திருக்கலாம்." நீ வேலை பார்த்த பவர் ஸ்டேஷனில் ஒரு ஜூனியர் இப்படி எழுதிக் கொடுத்திருந்தால் நீ அந்தத் தாளைக் கிழித்து அவன் மேஜையிலேயே போட்டிருப்பாய்.

யார் அடித்தது? என்ன மருந்து? எப்போது?

இதை எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெர்னாவிடம் போய்ச் சொல். நடுவில் ஒரு வேலிதான் இருக்கிறது. சொல்ல மாட்டாய் என்றால் அதையாவது ஒரு வரி எழுதிவிடு. என் அண்ணா சொல்ல மறுக்கிறான் என்று நான் அவரிடம் சொல்லிவிடுகிறேன்.

ருக்மிணி


கேட்டி
நவம்பர் 18, 2024

ருக்கு,

நான்தான் அடித்தேன்.

செப்டம்பரில், ஆள் நடமாட்டம் இல்லாத விடியற்காலையில். கடையில் வாங்கிய களைக்கொல்லி. முதல் தடவை அடித்து ஒன்றும் ஆகவில்லை என்று இன்னொரு தடவையும் அடித்தேன். "ஏன்னா, ருக்கு தொடவேண்டாம்னாளே" என்று சாரதா சொன்னாள். கேரியின் சிரிப்பு அவளுக்கு எப்படிப் புரியும் என்று நான் நினைத்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. கால்வாய் ஓரத்தில் எதையாவது எடுப்பதாக இருந்தால் பக்கத்து வீட்டுக்காரருக்கு முன்கூட்டியே எழுதித் தெரிவிக்க வேண்டும். அதுவும் அதே விதிப் புத்தகத்தில்தான் இருக்கிறது. நான் தெரிவிக்கவில்லை. தெரிவித்திருந்தால் வெர்னா கூட்டத்துக்கு வந்து பேசியிருப்பார். கேட்டால் யாருக்கும் மனசு இளகும். விதிவிலக்கு கொடுத்திருப்பார்கள். அந்த விதிவிலக்கு தலைவர் வீட்டுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருக்கும்.

நேற்று சொல்லிவிடுவது என்று கிளம்பிப் போனேன். கதவைத் திறந்தார். கையில் மாவு. என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான், "தேங்க்ஸ்கிவிங் வாரம் குப்பை வண்டி என்றைக்கு வரும்?" என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை என்றார். திரும்பி வந்துவிட்டேன்.

"மன்னிப்புக் கேக்கப் போனேளா, குப்பை வண்டி விசாரிக்கப் போனேளா?" என்றாள் உன் மன்னி. இன்று காலையிலிருந்து என்னோடு பேசவில்லை. காபி மட்டும் வருகிறது.

க.ரங்கன்


சன்னிவேல்
நவம்பர் 19, 2024

அண்ணா,

மறுபடியும் போ. மருந்துக் கேனைக் கையோடு எடுத்துக்கொண்டு போ. லேபிளைப் பார்க்க வேண்டும் என்பார். கேரி கதையை ஆரம்பிக்காதே.

இன்று வகுப்பில் வெர்னா கேமராவை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். கறுப்புக் கட்டத்தில் பெயர் மட்டும். ஆசிரியர் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டு அடுத்தவரிடம் போனார். எனக்கும் பாடம் ஏறவில்லை. பாதியில் காரை எடுத்துக்கொண்டு எல் கமினோ ரோட்டில் ஏறி, எங்கே போவதென்று தெரியாமல் சான் ஹோசே வரைக்கும் போய்த் திரும்பினேன்.

வெர்னா எனக்குச் சொன்ன கதை ஒன்று உண்டு. மனிதர்கள் வேட்டையாடித் தீர்க்கிறார்கள் என்று மிருகங்கள் கூட்டம் போட்டு, ஆளுக்கொரு வியாதியை உண்டாக்கி அனுப்பினவாம். அதைக் கேட்ட செடிகள் தாங்களும் கூடிப் பேசி, ஒவ்வொரு வியாதிக்கும் ஒரு செடி மருந்தாவதாக ஒப்புக்கொண்டனவாம். "ஏன், செடிக்கு மட்டும் நாம என்ன நல்லது பண்ணோம்?" என்று கேட்டேன். "ஒண்ணும் பண்ணலை, அதான் கதை" என்றார். அன்று சிரித்தோம்.

போய்விட்டு வந்து எழுது.

ருக்மிணி


கேட்டி
நவம்பர் 24, 2024

ருக்கு,

நேற்று போனேன். சாரதாவும் வந்தாள். நான் கூப்பிடவில்லை, பின்னாலேயே வந்தாள்.

கராஜ் கதவு திறந்திருந்தது. நாங்கள் வைத்துவிட்டு வந்த கழிகளைச் சுவரோரம் நிறுத்தி வைத்திருந்தார். மொபைலைப் பார்த்து ஏதோ செரோக்கி வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் நிறுத்தினார்.

"வெர்னா, புதருக்கு மருந்து அடிச்சது நான். இதுதான் மருந்து" என்று கேனை நீட்டினேன்.

கண்ணாடியை இறக்கி, லேபிளைக் கடைசி வரி வரைக்கும் படித்தார்.

"எத்தனை தடவை?"

"ரெண்டு."

"ஆள் வெச்சா?"

"இல்லை. நானேதான்."

"நினைச்சேன். கூலிக்கு அடிக்கிறவன் இவ்வளவு ஒழுங்கா அடிச்சிருக்க மாட்டான்."

நீ சொல்லியும் கேளாமல், விதி என்று ஒன்று இருக்கிறது என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "ரூல்னு சொல்லிட்டு வர்றவங்க எங்க குடும்பத்துக்குப் புதுசு இல்லை, காஸ். முன்னெல்லாம் எங்களை நிலத்தை விட்டு விரட்டக் குதிரையில வருவாங்க. நீங்க ஸ்ப்ரே கேனோட வந்திருக்கீங்க."

சாரதா களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். வெர்னாவும் சிரித்தார். நான் சிரிக்கலாமா என்று தெரியவில்லை.

பிறகு கேட்டார். "இதைப் பல்லுல வெச்சுத்தான் உரிப்பேன்னு ருக்மிணி உங்களுக்குச் சொன்னாளா?"

"சொன்னா."

"எப்போ?"

"பன்னிரண்டாம் தேதி."

"இன்னிக்கு இருபத்து மூணு" என்றார். உன் போன் வருவதற்கு முன்னாலேயே ஒரு கட்டு உரித்திருக்கிறார் என்று சாரதா கேட்டுத் தெரிந்துகொண்டாள். டாக்டரிடம் காட்டியிருக்கிறார். பெரிதாக ஒன்றும் இருக்காது, கவனித்துக்கொள்ளுங்கள் என்றாராம். ருக்கு, எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. ஆனால் வெர்னா போகவும் விடவில்லை. நீளமாக இருந்தால் குப்பை வண்டி எடுக்காது என்று ஒரு ரம்பத்தைக் கொடுத்தார். அந்தக் கழிகள் அத்தனையையும் நானே துண்டு துண்டாக அறுத்துக் கறுப்புப் பைகளில் கட்டினேன். அவர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கை தளர்ந்து நிறுத்தியபோது, "பரவாயில்லை, மெதுவா" என்றார்.

வேர் பிழைக்குமா என்று கேட்டேன். மருந்து வேருக்குள் ஓடியிருக்கும், கடைக்கோடி முனைகளில் ஏதாவது தப்பியிருந்தால் உண்டு, மண் நனையட்டும், ஜனவரியில் தோண்டிப் பார்க்க வேண்டும் என்றார். நானும் தோண்ட வருகிறேன் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

கஸ்தூரிரங்கன்


சன்னிவேல்
டிசம்பர் 10, 2024

அண்ணா,

இன்று வகுப்பு முடிந்ததும் வெர்னா லைனிலேயே இருந்தார். "உங்க அண்ணா கையில கடப்பாரை கொடுக்கலாமா?" என்று கேட்டார். உனக்காகப் பரிந்து பேச எனக்கு வாய் வரவில்லை. அவரிடம் உன்னைக் குறை சொல்லவும் வரவில்லை.

கமிட்டியிடம் சொன்னாயா?

ருக்மிணி


கேட்டி
டிசம்பர் 13, 2024

ருக்கு,

சொன்னேன். நோட்டீஸ் கொடுக்காமல், கால்வாய் ஓரத்தில் மருந்து அடித்தேன் என்று எழுந்து நின்றே சொன்னேன். கேரியும் இருந்தார். "யாரும் கம்ப்ளெய்ன்ட் பண்ணலையே காஸ், விடு. இப்போ அந்த இடம் பளிச்சுன்னு இருக்கு" என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். தலைவர் பொறுப்பு வேண்டாம் என்றேன். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. கிறிஸ்துமஸ் விளக்குப் போட்டிக்கு யார் நடுவர் என்பதுதான் அடுத்த கேள்வியாக இருந்தது.

இவர்கள் சிரித்துவிடக் கூடாது என்றுதான் அதைச் செய்தேன். இவர்களுக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை. இரண்டு நாளாக அதையே நினைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்துகொண்டிருக்கிறேன். சாரதா, "உக்காருங்கோ, தரை தேயறது" என்கிறாள். பேச ஆரம்பித்துவிட்டாள்.

வெர்னா இன்னும் கூப்பிடவில்லை.

கஸ்தூரிரங்கன்


கேட்டி
ஜனவரி 19, 2025

அன்புள்ள ருக்கு,

நேற்று தோண்டினோம். வெர்னாவே வந்து கதவைத் தட்டினார். "வர்றீங்களா?" என்றார். கால்வாய் அலுவலகத்தில் நான் முன்னதாகவே கேட்டு அனுமதி வாங்கி வைத்திருந்தேன்.

வேலி ஓரத்தில் எடுத்ததெல்லாம் செத்துப்போயிருந்தது. வளைத்தால் சுள்ளியாக ஒடிந்தது. உள்ளே பழுப்பு, சில வெறும் கூடு. வெர்னா ஒவ்வொன்றையும் நகத்தால் சுரண்டிப் பார்த்துத் தனியே வைத்தார். தூக்கி எறியவில்லை. வேரின் போக்கிலேயே மண்ணைத் தள்ளிக்கொண்டு கால்வாய்ச் சரிவில் இறங்கினோம். சாரதா புடவையைச் செருகிக்கொண்டு எங்களைவிட வேகமாகத் தோண்டினாள். மத்தியானத்துக்கு மேல் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. போதும் என்று சொல்ல வாயெடுத்தேன். வெர்னாவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை.

கீழே, தண்ணீர்க் குழாய் வாய்க்குப் பக்கத்தில், சாரதா கையிலிருந்த துண்டை அவர் சுரண்டினார். வெள்ளையாக இருந்தது. ஈரம். இன்னொன்றும் அப்படியே கிடைத்தது. வேறு இல்லை. அந்த இரண்டையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவர் மொழியில் ஏதோ சொன்னார். எங்களுக்குச் சொன்னது இல்லை. நான் அர்த்தம் கேட்கவில்லை.

ஈரச் செய்தித்தாளில் சுற்றி வாளியில் வைத்தார். வாளியை எடுத்துக்கொள்ளக் கையை நீட்டினேன். "வேண்டாம், நான் எடுத்துக்கறேன்" என்று காருக்குக் கொண்டுபோய், முன்சீட்டில் வைத்து பெல்ட்டும் போட்டார்.

"எங்கே நடப்போறீங்க?" என்று கேட்டேன்.

"உங்ககிட்ட சொல்ல மாட்டேன், காஸ்."

கோபமே இல்லாமல் சொன்னார். "சாரதாகிட்டயாவது சொல்லுங்களேன்" என்றேன், அசட்டுத்தனமாக.

"சாரதாவும் உங்க வீட்லதானே இருக்காங்க?" என்று அவள் தோளைத் தட்டிவிட்டு, மண் கையோடு காரை எடுத்தார். அவர் வீட்டைத் தாண்டி, தெருமுனையில் திரும்பி, ஃப்ரீவே பக்கம் போனார். வெகுநேரம் கழித்துத்தான் திரும்பி வந்தார். வாளி காலியாக இருந்தது.

எந்த ஊர், யார் நிலம், தண்ணீர் நிற்கிற இடமா என்றெல்லாம் நேற்றிலிருந்து மனசு ஓடுகிறது. தெரிந்தால் ஒரு தடவை போய்த் தள்ளி நின்று பார்த்துவிட்டு வரலாம் என்றுகூட நினைக்கிறேன்.

உன்னிடம் அவர் சொல்லக்கூடும். சொன்னால் எனக்கு எழுதாதே.

கஸ்தூரிரங்கன்